வாக்கர் நடை பழக்காது

"ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? சக்கரம் வைத்த வாக்கரில் போடுங்கள். பிசியோ என்பது எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிடுவதுதான், காசு தண்டம்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். வடசென்னையில் குழந்தைகளுக்கான பிசியோவாக, அதாவது உடலியக்கப் பயிற்சி கொடுப்பவராக, வேலை பார்க்கிறேன்.

வாக்கரில் குழந்தை நுனிக்காலால் உந்தித்தான் நகர்கிறது. உடம்பைத் தானே தாங்கி நிற்கப் பழகுவதில்லை. படி, அடுப்புப் பக்கம் போய் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

வியாசர்பாடி வீடுகளில் இடம் குறுகல்தான், ஆனாலும் பயிற்சிக்குக் கட்டில் ஓரம் போதும். குழந்தையை அதைப் பிடித்து நிற்கவிட்டு, பிடித்த பொம்மையைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொல்லி அம்மாவுக்குக் காட்டிக்கொடுப்போம். எட்டி எடுக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும். நடைக்கு அடிப்படையே அதுதான்.

அப்புறம், காரணம் காலில்தான் இருக்கும் என்பதில்லை. தசைத் தளர்ச்சி, மூளை பாதிப்பு, சில சமயம் பார்வைக் குறையாகவும் இருக்கலாம். அதனால்தான் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோ எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம். 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால் காத்திருக்காதீர்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயதுவரை சிகிச்சை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் எங்கே போகவேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள்.