ஆன்ட்வனெட் அடிமையின் மகள் அல்ல

ஜீன் ரீஸ் 1966இல் வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ' நாவலின் நாயகி ஆன்ட்வனெட், விடுதலை பெற்ற கறுப்பின அடிமையின் மகள் என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. அவள் அடிமைகளை வைத்திருந்த வெள்ளைக் குடும்பத்துப் பெண்.

குழப்பம் 'கிரியோல்' என்ற சொல்லில் தொடங்குகிறது. கலப்பினம் என்று மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் கரீபியத் தீவுகளிலேயே பிறந்த வெள்ளையருக்கும் அதே பெயர்தான்.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய ஜமைக்காவில் கதை தொடங்குகிறது. ஆன்ட்வனெட் குடும்பத்தின் தோட்டம் பாழாகிக் கிடக்கிறது, கையில் காசில்லை. கறுப்பின மக்கள் அவளை 'வெள்ளைக் கரப்பான்பூச்சி' என்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களும் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

வீடு எரியும் இரவில், கூட விளையாடிய கறுப்பினத் தோழி டியாவிடம் ஓடுகிறாள். டியா கல்லை எறிகிறாள். இவள் முகத்தில் ரத்தம், அவள் முகத்தில் கண்ணீர். கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். ஆன்ட்வனெட்டை அடிமையின் மகளாக்கிவிட்டால் அந்தக் கல் ஏன் பறந்தது என்பதே புரியாமல் போய்விடும்.

அப்புறம், ரீஸ் பிறந்தது டொமினிக்கன் குடியரசில் என்றும் அதே பதிவு சொல்கிறது. அதுவும் தவறு. அவர் 1890இல் பிறந்தது டொமினிக்கா என்ற வேறொரு தீவில்.