மூன்றாவது முடிச்சு

(ஜெர்மனியின் டுசல்டோர்ஃப். ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள் குடியிருக்கும் ஊர். அவர்களுடைய சிறிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஒரு மேசையில் மிச்சிகோ ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை விற்கிறார். பக்கத்து மேசையில் யூகியின் மிசுஹிகி நகைகள். காகிதத்தை முறுக்கிப் பசையேற்றிச் செய்யும் வண்ணக் கயிறுதான் மிசுஹிகி; ஜப்பானில் மொய்க்கவரைச் சுற்றிக் கட்டுவது.)

மிச்சிகோ: யூகி சான், காலையிலிருந்து நிறையப் பாட்டிகள் உங்கள் மேசையருகே வந்து தலை குனிந்துவிட்டுப் போகிறார்கள்.

யூகி: ஆமாம், எவ்வளவு மரியாதை!

மிச்சிகோ: மரியாதையா? துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். கறுப்பு வெள்ளை மிசுஹிகியில் தோடு செய்து நடுவில் வைத்தால் வேறென்ன செய்வார்கள்? சாவு வீட்டுக் கவரில் கட்டுவதாயிற்றே அது!

யூகி: இந்த ஊரில் கறுப்புதான் எடுப்பு. எல்லாச் சட்டைக்கும் பொருந்தும். சரி, மஞ்சள் வெள்ளை போடட்டுமா?

மிச்சிகோ: ஒசாகா, கியோட்டோ ஆட்கள் வந்தால் அதுவும் துக்கம்தான்.

யூகி: ஒரு தோடு விற்க எத்தனை ஊர்ச் சம்பிரதாயம்! எப்படியும் அந்தப் பாட்டிகள் வாங்க மாட்டார்கள். பாதிப் பேர் காதே குத்தவில்லை.

மிச்சிகோ: அதற்குத்தானே கிளிப் வைக்கச் சொன்னேன்?

யூகி: வைத்தேன். ஜெர்மன்காரர் ஒருவர் எடுத்துப் பார்த்து, காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கவா என்று கேட்டார்.

(ஒரு பெண் தோட்டைத் தொட்டு, 'ஆஹா, எவ்வளவு அழகு!' என்று உருகிவிட்டு நகர்கிறார். இந்தச் சந்தையில் தாராளமாகக் கிடைப்பது பாராட்டு ஒன்றுதான்.)

யூகி: இன்னொருவர், நிக்கல் பட்டால் காது அரிக்குமாம், கொக்கியில் அது இருக்கிறதா என்று கால் மணி நேரம் விசாரித்தார். இல்லை, டைட்டானியம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உங்களிடம் ஒனிகிரி வாங்கப் போய்விட்டார்.

மிச்சிகோ: அவரா! அதிலும் நிக்கல் இருக்கிறதா என்று கேட்டாரே!

யூகி: கடைசியாக ஒரு அம்மாள், நன்றாக இருக்குமா என்று கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, ஏதோ கிறுக்கினேன் என்றேன். போய்விட்டார்.

மிச்சிகோ: விற்க வந்த இடத்தில் அப்படியா பேசுவது?

யூகி: நீங்கள் மட்டும்? 'ருசி இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லித்தானே கொடுக்கிறீர்கள்?

மிச்சிகோ: பசிக்கிறவர் காதில் அது விழாது. தோட்டைப் பசிக்கா வாங்குகிறார்கள்? அது சரி, இப்போது வந்த கோட்டுக்காரம்மாவுக்கு என்ன வேண்டுமாம்?

யூகி: தங்கைக்குக் கல்யாணமாம். பரிசு கொடுக்க அந்தச் சிவப்பு வெள்ளை ஜோடி வேண்டும் என்கிறார்.

மிச்சிகோ: நல்லது, நிறமாவது சரியாக... ஐயையோ, கொடுக்காதீர்கள்! அது வண்ணத்துப்பூச்சி முடிச்சு! இழுத்தால் அவிழும், மறுபடியும் கட்டலாம். பிள்ளை பிறந்தால் கட்டுவது, அந்தச் சந்தோஷம் திரும்பத் திரும்ப வரட்டும் என்று. கல்யாணத்துக்கு அவிழாத அவாஜி முடிச்சை எடுங்கள்!

யூகி: எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டேன்.

மிச்சிகோ: என்ன சொன்னார்?

யூகி: தங்கைக்கு இது மூன்றாவது கல்யாணமாம். இதுவே இருக்கட்டும் என்கிறார்.

மிச்சிகோ: (சற்று யோசித்து) அப்படியானால் அடுத்ததற்கும் சேர்த்து இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.