எழுந்திருக்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான்

‘அம்பிகாபதி’ விஷயத்தை நான் விடப்போவதில்லை. தனுஷ் குந்தனாக நடித்து 2013-ல் வந்த ‘ராஞ்ஜனா’ இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. உரிமை வைத்திருக்கிற நிறுவனம், நாயகன் சாகிற முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, அவன் பிழைப்பதுபோல் 2025 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டது. “பழைய படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கொதிப்பு?” என்று காலையிலிருந்து உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பார்க்காமல் திட்டுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே காசு கொடுத்துப் போய்ப் பார்த்தேன். மருத்துவமனைக் காட்சி. குந்தன் படுக்கையில் கிடக்கிறான். பக்கத்தில் உயிர் நண்பன் முராரியும், இவனுக்காகத் தன்னையே தொலைத்த பிந்தியாவும். 2013-ல் அந்த இடத்தில் அவன் கண்கள் மூடும், படம் முடியும். இப்போது கண்ணைத் திறக்கிறான். மெல்ல எழுகிறான். சுற்றி நிற்பவர்கள் கண்ணீரோடு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நடிகர்கள் யாருக்கும் பங்கில்லை. கணினி வரைந்து கொடுத்த சிரிப்பு அது.

அவன் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான் ஐயா! என் கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். விபத்தில் எதிர்பாராமல் செத்துப்போகிறவன் இல்லை அவன். மேடையில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே ஏறியவன். கடைசிப் படுக்கையில் மனதுக்குள் பேசுகிறான்: எழலாம், ஆனால் யாருக்காக எழுவது என்கிறான். அம்மா, அப்பா, காசியின் சந்துகள், நண்பன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்று எல்லோரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கிறான். அப்புறமும் வேண்டாம் என்கிறான். எழ முடியாமல் இல்லை, எழ மனமில்லை. இரண்டரை மணி நேரக் கதையும் அந்த ஒரு மறுப்பை நோக்கித்தான் வருகிறது. வேண்டாம் என்று சொன்னவனைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, ‘மகிழ்ச்சியான முடிவு’ என்று விளம்பரம் செய்தால் எனக்கு வயிறு எரியாதா?

“கடைசியில் ஒரு நாள் எழுவேன் என்றும் சொல்கிறானே” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கவனித்துப் பார்த்தவர் கேட்கிற கேள்வி, நன்றி. ஆனால் கங்கைக் கரையில் மறுபடி உடுக்கை அடிக்க, தான் காதலித்த சோயாவைப் போல் இன்னொரு சோயாவிடம் மறுபடி மனதைத் தொலைக்க எழுவேன் என்று அவன் சொல்வது இந்த உடம்போடு இல்லை தம்பி. இந்தப் பிறவிக் கணக்கை முடித்துவிட்டு அடுத்ததைப் பற்றிப் பேசுகிறான். அந்த வாக்கியத்தின் அழகே அதுதான்.

“பெண்ணின் பின்னால் சுற்றுவதைக் கொண்டாடிய படம், அதற்குப் போய் வக்காலத்தா?” என்பது அடுத்த குற்றச்சாட்டு. அந்த விமர்சனம் 2013-லேயே வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. மணிக்கட்டை அறுத்துக்கொண்டு மிரட்டுவதெல்லாம் எனக்கும் பிடிக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சோயா விரும்பியவன் சாவதற்குக் குந்தன்தான் காரணம். மதத்தை மறைத்து அவளை மணக்க வந்தவன் உண்மையில் யாரென்று கல்யாண நாளன்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தவன் இவன். அந்தப் பாவத்துக்குப் படம் வாங்கிக்கொண்ட ஒரே விலை இவனுடைய உயிர். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒருவனைச் சாகவிட்டவன் படுக்கையிலிருந்து எழுந்து சிரிக்கிறான், நாம் கைதட்ட வேண்டும். அந்தப் படத்தைத் தப்பு என்று சொன்னவர்கள்தான் என்னைவிட அதிகமாகக் கோபப்பட வேண்டும்.

என் அப்பாவுக்கு ‘மூன்றாம் பிறை’ பைத்தியம். தொலைக்காட்சியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவார். கேத்தி ரயில் நிலையக் காட்சி வரும்போது முதுகு நிமிர்ந்துவிடும். மழையில், சேற்றில், நொண்டிக்கொண்டே கமல் தலையில் பானையை வைத்துக் குரங்குபோல் ஆடுகிறார். நினைவு திரும்பியதில் அவரையே மறந்துவிட்ட ஸ்ரீதேவி, பிச்சைக்காரன் என்று நினைத்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் போடுகிறார். ரயில் கிளம்பும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். “தெரிந்த கதைக்கு எதற்கு ஒவ்வொரு தடவையும் இப்படி?” என்று அம்மா சத்தம் போடுவார். “இந்தத் தடவையாவது அவள் திரும்பிப் பார்ப்பாளா என்றுதான் உட்காருகிறேன்” என்பார் அப்பா. படம் வந்தது 1982-ல். அவர் போகும் வரை அந்த ஆசையை விடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கிற மாதிரி யாராவது செய்து கொடுத்திருந்தால், அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா? அவருக்கு இருந்தது ஏக்கம். அந்த ஏக்கத்தைத் தந்ததே இயக்குநர் பாலு மகேந்திரா அந்த ரயிலை நிறுத்தாமல் அனுப்பியதுதான்.

இன்றைக்கு இந்த முடிவை மாற்றியவர்கள் நாளை அந்த ரயிலை நிறுத்த மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

“உரிமை வைத்திருக்கிற நிறுவனம் செய்கிறது, சட்டப்படி சரிதானே?” என்று எழுதிய அண்ணனுக்கு: ஆமாம், நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் என்று சொல்வது தயாரிப்பாளரைத்தான், இயக்குநரை இல்லை. சட்டம் அப்படி இருக்கிறது என்பதால் செய்தது நியாயமாகிவிடுமா? படத்தை இயக்கிய ஆனந்த் எல். ராய் உயிரோடுதான் இருக்கிறார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்கிறார். தனுஷ், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தான் ஒப்புக்கொண்ட படம் இது இல்லை, படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டார்கள் என்று அறிக்கை விட்டிருக்கிறார். எடுத்தவர் வேண்டாம் என்கிறார், நடித்தவர் வேண்டாம் என்கிறார். இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

‘விண்ணைத்தாண்டி வருவாயா’வைக் கொண்டு வராதீர்கள். தமிழில் பிரிவு, தெலுங்கில் கல்யாணம். இரண்டையும் எடுத்தவர் ஒரே கௌதம் மேனன், ஒரே சமயத்தில், தன் கையால். அது படைத்தவன் முடிவு.

தொழில்நுட்பத்துக்கு எதிரி என்ற பட்டமும் வேண்டாம். ‘லால் சலாம்’ பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யாவின் குரலும் ஷாகுல் ஹமீதின் குரலும் செயற்கை நுண்ணறிவு வழியாகத் திரும்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏ.ஆர். ரகுமான் இரண்டு குடும்பங்களிடமும் கேட்டு, அதற்குரிய தொகையும் கொடுத்துத்தான் செய்தார். செத்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கிறார் ஒருவர். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்க இவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கூட நேரமில்லையா?

2025 ஜூன் மாதம் இத்தாலியில், பொலோனியாவில் ‘ஷோலே’ திரையிட்டார்கள். 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், தணிக்கையினர் மாற்றவைத்த முடிவு அந்தப் படத்தினுடையது. கைகளை இழந்த தாக்கூர் தன் காலாலேயே வில்லன் கப்பரைக் கொல்கிற பழைய முடிவை ஐம்பது வருடம் கழித்து மீட்டு, சுத்தம் செய்து, பெரிய திரையில் காட்டினார்கள். பிடுங்கப்பட்ட முடிவு ஒரு படத்துக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம்கூட ஆவதற்குள் இங்கே இன்னொரு படத்தின் முடிவைப் பிடுங்கியிருக்கிறார்கள். அன்றைக்காவது அரசாங்கத்துக்குப் பயந்து மாற்றினார்கள். இன்றைக்கு யாருக்குப் பயந்து?

நமக்குப் பயந்தாம். ரசிகர்களுக்கு அழப் பிடிக்காதாம். யார் சொன்னது? ‘பாசமலர்’ முடிவில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். எங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் திரும்பத் திரும்பப் போய் அழுதார்கள். ‘ஒருதலை ராக’த்தை ஓடவைத்தது இதே தமிழ் ரசிகர்கள். ‘சேது’வில் விக்ரம் மறுபடியும் மனநலக் காப்பகத்துக்கு வண்டியேறிப் போவதைப் பார்த்துவிட்டு அரங்கமே வாயடைத்து வெளியே வந்தது. அழத் தெரிந்த ஊர் இது. கம்பர் மகன் அம்பிகாபதி அமராவதியைப் பாடியதற்காகத் தலை கொடுத்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஊர். காதல் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்ற நிபந்தனையில், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி நூறு முடிந்தது என்று அவள் நினைத்துவிடும் இடத்தில் இன்றைக்கும் கேட்பவர்களுக்கு மனது பதறும். அந்தப் பெயரை வைத்த படத்துக்கா சுபமான முடிவு?

உண்மையில் எனக்கு வலிப்பது இந்த ஒரு படம் மட்டும் இல்லை. பார்க்கிறவனை எவரும் மனிதனாக மதிப்பதில்லை. தொலைக்காட்சியில் பழைய படம் போட்டால் பாட்டைத் துண்டாக வெட்டுகிறார்கள். கதாநாயகி அழுது முடிப்பதற்குள் சோப்பு விளம்பரம். இணையத்தில் படம் பார்த்தால், முடிந்த நொடியில் பெயர்கள் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, அடுத்து இதைப் பாருங்கள் என்று வேறொன்று குதிக்கிறது. மனது கனத்து உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு நிமிடம் கொடுக்க ஒருவருக்கும் மனதில்லை. ஒரு படம் முடிந்த பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பதும் படம் பார்ப்பதில் சேர்த்திதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தவர்கள் இப்போது முடிவையே எடுத்துவிட்டார்கள்.

“உனக்குப் பிடிக்காவிட்டால் பார்க்காதே, பழைய பிரதிதான் இருக்கிறதே” என்பவர்களுக்குக் கடைசியாக. இன்று இருக்கிறது. பத்து வருடம் கழித்து முதல்முறையாகப் பார்க்கப் போகிற பிள்ளைக்கு எது கையில் கிடைக்கும்? எழுந்து உட்கார்ந்தவன்தான் குந்தன் என்று அந்தப் பிள்ளை நினைத்தால், இல்லை, அவன் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னான் என்று யார் போய்ச் சொல்வது?

படம் முடிந்ததும் டிக்கெட் கவுண்டரில் இருந்த பையனிடம், பழைய முடிவோடு ஏதாவது காட்சி உண்டா என்று கேட்டேன். “அனுப்புவதைப் போடுகிறோம் சார்” என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊரிலாவது, எந்த அரங்கிலாவது 2013-ல் வந்தபடியே போடுகிறார்கள் என்றால் கீழே எழுதுங்கள். வண்டி பிடித்து வருகிறேன்.