பழைய கேமராவின் விலையை அதன் வயது தீர்மானிப்பதில்லை

பரணில் கிடைத்த பெட்டிக் கேமராவைக் காட்டி, "நூறு வருடப் பொருள், நல்ல விலைக்குப் போகும் அல்லவா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கோடக் நிறுவனம் 1900இல் ஒரு டாலர் விலையில் அறிமுகப்படுத்திய பிரௌனி என்ற பெட்டிக் கேமரா, சாமானியர் கைக்கும் கேமரா போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அந்த வரிசைக் கேமராக்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன, தேடுவோர்தான் குறைவு. ஆகவே நூற்றாண்டைக் கடந்தும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் விலை ஏறவில்லை.

இதற்கு மறுகோடியில் இருப்பது ஜெர்மானிய லைக்கா கேமராவின் 0 வரிசை. 1925இல் லைக்கா விற்பனைக்கு வருவதற்கு முன், சோதனைக்காக இருபது சொச்சம் மட்டுமே செய்யப்பட்டவை அவை. அவற்றுள் 122 என்ற தொடர் எண் கொண்ட கேமரா 2018இல் 24 லட்சம் யூரோவுக்கு விற்றது. 105ஆம் எண்ணோ 2022இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகர ஏலத்தில் 1.44 கோடி யூரோவைத் தொட்டது. அரிதாக இருப்பது இரண்டுக்கும் பொது என்றாலும், 105ஆம் எண் அதை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் தம் கையில் வைத்துப் படமெடுத்த கேமரா என்பதே ஆறு மடங்கு வித்தியாசத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இத்தகைய ஏலச் செய்திகளைக் கொண்டு சந்தையை அளப்பது தவறு. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் கேமராக்களின் விலையில், எத்தனை செய்யப்பட்டன என்பதைவிட, எத்தனை இன்றும் ஓடுகின்றன என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. 1954இல் வந்த லைக்கா எம்3 இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அரிய பொருள் என்று அதை யாரும் சொல்ல முடியாது. இருந்தும் அதன் விலை இறங்காமல் நிற்பதற்குக் காரணம், அது முழுக்க முழுக்க இயந்திரவியல் கருவி என்பதால் தேர்ந்த கைவினைஞர் ஒருவரால் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் ஓடவைக்க முடிவதும், இன்று தயாராகும் எம் வகை லென்ஸ்கள் அதில் பொருந்துவதும்தான்.

கான்டாக்ஸ் டி2 என்ற கையடக்கப் பிலிம் கேமரா இதற்கு நேர்மாறானது. 2017இல் மாடல் அழகி கெண்டால் ஜென்னர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைக் காட்டிப் பேசியதும் கவனம் அதன் பக்கம் குவிந்தது. தேவை திடீரெனப் பெருகினாலும், அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான கியோசெரா அதற்கு வெகுகாலம் முன்பே கேமராத் தொழிலிலிருந்து விலகிவிட்டதால் புதிதாக ஒன்றுகூட வர வழியில்லை. விலை பன்மடங்கு ஏறியது. அதன் மின்னணுச் சுற்று ஒருமுறை போய்விட்டால், மாற்று உதிரிக்கு இன்னொரு டி2வைத்தான் பலியிட வேண்டும்.

பிலிமையும் மறக்கக் கூடாது. போலராய்டு 2008இல் உடனடிப் பட பிலிம் தயாரிப்பை நிறுத்தியபோது, 1972இல் அறிமுகமான அதன் அழகிய எஸ்எக்ஸ்-70 கேமரா வெறும் அலங்காரப் பொருளாகும் நிலைக்கு வந்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த போலராய்டின் பிலிம் ஆலையைச் சிலர் காப்பாற்றி 2010இல் மீண்டும் பிலிம் விற்கத் தொடங்கியதால்தான் அந்தக் கேமராவுக்கு இன்றும் வாங்குவோர் இருக்கிறார்கள்.

சந்தைக்கு வரும் கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாத இடத்தில் போலிகள் முளைப்பதும் இயல்பே. லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் ஃபெட், ஜோர்கி கேமராக்களின் மேல்தகட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, ஜெர்மானியப் படைச் சின்னமும் சேர்த்து விற்பவர்கள் பல்லாண்டுகளாக இருக்கிறார்கள். புதிய சேகரிப்பாளர் பலர் ஏமாறுவது இங்கேதான்.

பளபளப்பாகப் பெட்டிக்குள் உறங்கிய கேமராவைவிட, விளிம்பில் பித்தளை தெரியத் தேய்ந்திருந்தாலும் அண்மையில் ஷட்டர் சரிபார்க்கப்பட்ட ஒன்றுக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன். பயன்படாத கேமராவில் மசகு இறுகுகிறது, லென்ஸில் பூஞ்சை படர்கிறது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்று, அவர்களிடம் கற்க ஆள் வராமல் போனால், ஓடும் கேமராக்களின் விலை சில ஆண்டுகள் ஏறலாம். அதன் பிறகு, பழுதானால் சரிசெய்ய முடியாது என்ற பயத்தில் வாங்குவோரும் விலகத் தொடங்குவார்கள்.