வேலூருக்கும் ஒரு இலையுதிர் காலம் உண்டு
‘இலையுதிர் காலக் கொண்டாட்டம் குளிர் நாடுகளுக்கே உரியது, நமக்கு வெயிலும் மழையும்தான்’ என்று இலையுதிர் காலத்தைப் பற்றி இங்கே வந்த கட்டுரை முடிவு கட்டுவதை ஏற்க முடியவில்லை. சித்திரை, வைகாசியில் நண்பகலில் தெருவில் தலைகாட்ட முடியாத வேலூர்க்காரர்களைக் கேளுங்கள். புரட்டாசி பிறந்தால்தான் எங்களுக்கு வெளியுலகமே திறக்கிறது. நவராத்திரி கொலு, தீபாவளி, கார்த்திகை தீபம் என்று குடும்பம் கூடுவதெல்லாம் அதன் பிறகுதானே? ‘ஐப்பசி அடைமழையில் யார் வெளியே போவார்கள்?’ என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்தில் கேட்டிருக்கும் நண்பர் கடலோரக்காரராக இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது உண்மைதான். ஆனால் எல்லா ஆண்டும் அப்படி இல்லை, மழை விட்ட நாளில் ஏலகிரி மலைக்கோ அமிர்திக் காட்டுக்கோ கிளம்பிவிடுவோம். கட்டுரையாளர் தவறவிட்ட இன்னொன்று, கார்த்திகை தீபத்தன்று தீப்பொறி பறக்கச் சுற்றும் மாவளி. காய்ந்த பனம்பூவைக் குழியில் இட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுவார் என் தாத்தா. துணி தளர்ந்திருந்தால் பொறி பூவாகச் சிதறாது, கட்டியாகக் கொட்டும். அதற்காகவே அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கார்த்திகை இரவில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரும் மாவளி சுற்றுவதில்லை. இப்போது பனைமரமும் குறைவு, மின்கம்பி குறுக்கிடாத திறந்தவெளியும் குறைவு. கட்டுரை அதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் கைதட்டியிருப்பேன்.