அவள் கதவைப் பார்த்தபடி உட்காரட்டும்

"அதுதான் வெளியே வந்துவிட்டாளே, இன்னும் ஏன் இப்படி இருக்கிறாள்?" குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணைப் பற்றி, அவளுக்கு நெருக்கமானவர்களே கேட்கும் கேள்வி இது. அவள் சீக்கிரம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அவசரம் அவள் தலையில் இன்னொரு சுமையாகத்தான் இறங்குகிறது.

என் தோழி ஒருத்தி கணவனைப் பிரிந்து வந்து சில வாரங்கள் என்னோடு தங்கியிருந்தாள். (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) வந்த மறுநாள் காலையில், "குளிச்சிட்டு வரட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். இன்னொரு நாள் தட்டு ஒன்று கைதவறி விழுந்து உடைந்தபோது, சிதறிய சில்லுகளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து அவற்றைப் பொறுக்கத் தொடங்கும்வரை சுவரோடு ஒட்டி நின்றாள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படித்துப் படித்தே அந்த வீட்டில் உயிர் பிழைத்தவள் அவள். ஆபத்து விலகிவிட்டது என்று அறிவுக்குத் தெரிந்த பிறகும், உடம்பு அதை நம்புவதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, தப்பிக்க வழியில்லாமல் நீண்ட காலம் தொடரும் கொடுமைகளால் வரும் மனப் பாதிப்பைத் தனியாகவே வரையறுக்கிறது. நெடுங்காலக் குடும்ப வன்முறையும் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. கொடுங்கனவுகளும் திடுக்கிடலும் மட்டுமல்லாமல், உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமை, 'நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்ற ஆழமான எண்ணம், யாரோடும் நெருங்க முடியாத நிலை ஆகியவையும் அதில் அடங்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் அனுசரிப்பது, அதன்பின் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மீண்டும் இணைவது. நாமோ "என்ன நடந்தது, சொல்" என்று நடுவிலிருந்து தொடங்குகிறோம், அவள் துக்கப்படும்போது "இன்னுமா அவனை நினைத்து அழுகிறாய்?" என்று வாயடைக்கிறோம். அடித்தவனையே அவள் ஒரு காலத்தில் நேசித்தாள். அந்த நேசத்துக்கும் இழந்துபோன வருடங்களுக்கும் அவள் அழாமல் வேறு யார் அழுவது? தோழி அழுத இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை.

வன்முறை ஓயாத நிலையில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை வழங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அங்கே அவள் சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் வீட்டில் விலை கொடுக்க நேரலாம். 'மன்னித்துவிடு' என்ற அறிவுரையும் அப்படித்தான். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் உரிமை. பல வருடங்களாக எல்லா முடிவுகளையும் இன்னொருவர் எடுத்த வாழ்க்கையிலிருந்து வந்தவளுக்கு, நல்ல எண்ணத்தோடு நாம் எடுக்கும் முடிவும் அதே பழைய கயிறுதான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலிருந்து, மனநல ஆலோசகரை எப்போது பார்ப்பது என்பதுவரை அவளே முடிவு செய்யட்டும்.

இப்போது தோழி தனி வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்க்க வரும்போது இன்றும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறாள். அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை.