முட்டுக்கட்டை போட ஒரு ஆள் வேணும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். நேத்து ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் "அண்ணே, நம்ம கார்டுல இதெல்லாம் இல்லையே, நான் சேத்துரவா?"ன்னு பதினோரு வரி எழுதின பேப்பரோட வந்து நின்னான். பாவம், நல்ல எண்ணத்துலதான் வந்தான். நான் மூஞ்சி சுளிச்சது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

கார்டுன்னா ரேஷன் கார்டு இல்லைங்க. ஆர்-னு ஒரு சாஃப்ட்வேர், அதுக்கான ரெஃபரன்ஸ் கார்டு. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர்கிட்ட "நான் ஆர் கத்துக்கறேன்"னு சொன்னப்ப "ஆர்?"னு திருப்பிக் கேட்டாரு, அவங்க ஊர்ல யாருங்கறதுக்கு அதான வார்த்தை, ரெண்டு நிமிஷம் ரெண்டு பேரும் மாறி மாறி ஆர் ஆர்னு சொல்லிட்டு நின்னோம். தெரியாதவங்களுக்கு: நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேரு ஆரம்பிச்ச புள்ளியியல் மொழி, 2000 பிப்ரவரி 29ல 1.0.0 வந்துச்சு, காசு கிடையாது, சோர்ஸ் கோடு தொறந்து கெடக்கும். இப்ப அதுக்கு இருபதாயிரத்துக்கு மேல பேக்கேஜ், அதாவது கூடச் சேத்துக்கற கருவித் தொகுப்பு, இருக்கு. அத்தனையையும் எவன் ஞாபகம் வச்சுக்கறது? அதுக்குத்தான் கார்டு. டேபிள் மேல கெடக்கும், தலையத் திருப்பினா தெரியணும், அவ்வளவுதான் அதோட வேலை.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல சீனியர் ஒருத்தர் நாலு பக்க ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்தாரு. டாம் ஷார்ட்னு ஒருத்தர் 2004 நவம்பர்ல போட்ட ஆர் ரெஃபரன்ஸ் கார்டு. மின்சாரத் துறை ஆராய்ச்சியில இருந்த மனுஷன். எம்மானுவேல் பாராடிஸ் எழுதின ஆரம்பநிலைக் கையேட்டுலேர்ந்து அனுமதி வாங்கி கொஞ்சம் எடுத்துக்கிட்டு, மொத்தத்தையும் நாலே பக்கத்துல அடக்கி, எல்லாருக்கும் பொதுச்சொத்துன்னு எழுதியே குடுத்துட்டாரு. யாரு வேணா மாத்தலாம், அச்சடிக்கலாம், கேக்கவே வேண்டாம். அப்படி இருந்தும் ரெண்டாம் பதிப்பு எப்ப வந்துச்சு தெரியுமா? 2012 டிசம்பர் 24. மேட் பேகட்னு இன்னொருத்தர் போட்டாரு. எட்டு வருஷம்! உரிமை எல்லாருக்கும் இருந்துச்சு, உக்காந்து செய்ய ஆள் இல்ல. ஓப்பன் சோர்ஸ்னா நாலு பேர் கூடினா தானா நடந்துரும்னு பேசறவங்களுக்கு நான் இந்த ரெண்டு தேதியத்தான் சொல்லுவேன்.

சரி, எங்க கதைக்கு வரேன். நாங்க வீட்டு வீடா போய் எடுக்கற சர்வே டேட்டாவ அலசற சின்ன டீம், எட்டு ஒம்பது பேர். லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, ஜெராக்ஸ் ஆபீஸ் டிராயர்ல மாட்டிக்கிச்சு. அப்ப ஒரு பொது டாக்குமெண்ட்டத் தொறந்து, அவங்கவங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்கன்னு விட்டோம். அய்யோ, என்னா உற்சாகம்! காலைல ஒருத்தர் சேப்பாரு, ராத்திரி ஒருத்தர் சேப்பாரு, பக்கத்துலயே ஸ்மைலி வேற. ஒரு வருஷத்துல அது 31 பக்கம். ரெண்டு டேட்டா டேபிள ஒண்ணா சேக்கறதுக்கு மட்டும் நாலு எடத்துல நாலு விதமா எழுதியிருந்துச்சு, நாலும் சரிதான், அதான் கொடுமை. அதுக்கப்புறம் அதத் தொறக்கறவங்களே அபூர்வம், கூகுள்லயே தேடிக்கிட்டாங்க.

அப்படித் தொறந்தவங்களுக்கும் ஆபத்துதான். அதயும் சொல்லிர்றேன்.

ஒரு சர்வேல குடும்பத் தலைவரோட வயசுக்கு டேபிள்ல ஒரு காலம் (column). எல்லாம் 18லேர்ந்து மேல, நடுவுல ஒரு வயசும் விடாம. ரெண்டே ரெண்டு எடத்துல மட்டும் களத்துக்குப் போனவங்க நம்பருக்கு பதிலா "தெரியாது"ன்னு அடிச்சிருக்காங்க. அப்படி ஒரு எழுத்து கலந்தா பழைய ஆர் அந்த காலம் முழுசையும் ஃபாக்டர்னு எடுத்துக்கும், அதாவது உள்ள 1, 2, 3ன்னு ஒரு வரிசை எண் குடுத்து மேல லேபிள் ஒட்டி வச்சுக்கும். 2020 ஏப்ரல்ல வந்த 4.0.0லதான் அந்தப் பழக்கத்த மாத்தினாங்க, ஸ்ட்ரிங்ஸ்-ஆஸ்-ஃபாக்டர்ஸ்ங்கற செட்டிங் அதுலேர்ந்து தானாவே ஃபால்ஸ். ஆனா எங்காளு ஒருத்தர் லேப்டாப்ல இருந்தது 3.6. அவரு நம்ம 31 பக்கத்துல ஆறாம் பக்கத்தப் பாத்து "எழுத்த நம்பரா மாத்த ஆஸ்-டாட்-நியூமரிக்"னு போட்டிருந்ததுனால அதயே போட்டுட்டாரு. எரர் வரல, வார்னிங் வரல. வயச குடுக்கறதுக்கு பதிலா வரிசை எண்ணக் குடுத்துருச்சு. 18 வயசுக்காரர் 1 ஆயிட்டாரு, 19 வயசு 2, இப்படியே ஊர்ல அத்தனை பேருக்கும் 17 வயசு கொறஞ்சு போச்சு. சராசரி 41 வர வேண்டியது 24னு ஸ்லைடுல ஏறிருச்சு. யாருக்கும் ஒறைக்கல, 24ங்கறது ஒண்ணும் பேய் நம்பர் இல்லையே! கடைசில களத்துக்குப் போய்ட்டு வந்த சூப்பர்வைசர் அம்மாதான் சிரிச்சாங்க: "ஏன் சார், நான் பாத்த வீட்ல எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவங்க இருந்தாங்க, நீங்க என்ன எல்லாரையும் கல்யாணத்துக்கு பொண்ணு தேடற வயசாக்கிட்டீங்க?"

இதுல என்ன கூத்துன்னா, சரியான வரியும் அதே டாக்குமெண்ட்ல இருந்துச்சு. முதல்ல கேரக்டரா மாத்து, அப்புறம் நம்பரா மாத்துன்னு பத்தொம்பதாம் பக்கத்துல யாரோ அழகா எழுதியிருந்தாங்க. அதாவது ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, சேத்துட்டாரு. ஆறாம் பக்கத்துல இருந்த தப்ப எடுக்கல. ஏன்னா அது இன்னொருத்தர் எழுதினது, நாம எப்படி கை வைக்கறதுங்கற மரியாத. கூட்டா ஒரு விஷயத்த பராமரிக்கறதுல என்னப் பொறுத்தவரைக்கும் பெரிய வியாதி இந்த மரியாததான், சோம்பேறித்தனம் கூட ரெண்டாம்பட்சம். சேக்கறதுக்கு ஊரே வரும். அடுத்தவன் எழுதின வரிய எடுக்கறதுக்கு யாரு வருவா?

ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு சொல்லுவோம்ல, வடம் புடிக்க ஆயிரம் பேர் இருப்பாங்க, சரி. ஆனா தேர் வீதி முக்குல திரும்பறது வடம் புடிக்கறவனால இல்ல. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறாரு பாருங்க, உயிரக் கையில புடிச்சிக்கிட்டு குனிஞ்சு போட்டுட்டு டக்குனு விலகற அந்த மனுஷன், தேர நிறுத்தறதும் அவருதான் திருப்பறதும் அவருதான். நாம என்னடான்னா "முட்டுக்கட்டை போடுறான்"ங்கறத திட்டா வச்சிருக்கோம்.

எங்க டீம்ல அந்த வேலைய ஒரு அக்கா எடுத்துக்கிட்டாங்க. அந்த வயசு விவகாரத்துக்கு அடுத்த வாரமே. 31 பக்கத்தயும் வாங்கி, ஏ4ல நாலு பக்கம், அதுக்கு மேல ஒரு வரி கெடையாது, புதுசா ஒரு வரி வேணும்னா எந்த வரிய எடுக்கலாம்னு நீயே சொல்லிட்டு வான்னுட்டாங்க. மொத மாசம் சண்டதான். ஒரு அண்ணன் ஆசையா எழுதின ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து அமைப்ப வச்சுத் தேடற வித்தை, அரைப் பக்கம் போச்சு, அவரு மூணு நாள் யாரோடயும் டீ குடிக்க வரல.

இன்னொண்ணும் செஞ்சாங்க, ஃபைல வெறும் டெக்ஸ்டா மாத்தி கிட்ல (Git), அதாவது யாரு எந்த வரிய மாத்தினாங்கன்னு கணக்கு வச்சுக்கற சாஃப்ட்வேர்ல, போட்டாங்க. இது சின்ன விஷயமாத் தெரியும், இல்ல. ஆர் எழுதறதுக்கு சாஃப்ட்வேர் போடற ஆர்ஸ்டூடியோ காரங்க சீட்ஷீட்டுங்க, அதாவது இதே மாதிரி குறிப்பு கார்டுங்க, பாத்திருப்பீங்க, கம்பெனி பேரு 2022லேர்ந்து போசிட். பாக்க அவ்வளவு அழகா இருக்கும், யாரு வேணா மாத்திக்கலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் உண்டு, பல மொழில ஜனங்க மொழிபெயர்த்தும் குடுத்திருக்காங்க. ஆனா ரொம்ப காலம் அதோட மூலம் கீநோட் ஃபைலு, மேக் வச்சிருக்கறவன் தொறக்கலாம். பைத்தான் மொழில டேட்டா அலசற பாண்டாஸ்ங்கற கருவியோட சீட்ஷீட்டுக்கு மூலம் பவர்பாயிண்ட். அதுல ஒரு வரி மாறினா எது மாறுச்சுன்னு கிட்ல பாக்க முடியாது, ஃபைல் மாறிருச்சுன்னு மட்டும் சொல்லும். உரிமம் தொறந்திருந்து கதவு பூட்டியிருந்தா என்ன பிரயோஜனம். போசிட் இப்ப வெப் பக்கமாவும் போட ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல விஷயம்.

வருஷா வருஷம் பெரும்பாலும் ஏப்ரல் வாக்குல ஆர் புது வெர்ஷன் வரும், நாங்க அப்பத்தான் போகி கொண்டாடுவோம். கார்டுல இருக்கற ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பாக்க ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. அப்ப அக்கா எதுக்கு, ஸ்கிரிப்ட்டே போதுமேன்னு கேக்கலாம். பாண்டாஸா இருந்தா ஓரளவு போதும், அவங்க ஐஎக்ஸ்னு ஒரு வசதிய 1.0லயும் அப்பெண்ட்னு ஒண்ண 2.0லயும் தூக்கியே போட்டுட்டாங்க, பழைய வரி ஓடவே ஓடாது, சத்தம் போட்டு சாகும். ஆர்ல பழசு சாகறதில்ல. கேதர், ஸ்ப்ரெட்னு டேபிள மாத்தி அடுக்கற ரெண்டு ஃபங்ஷன், 2019ல டைடிஆர் பேக்கேஜோட 1.0.0 வந்தப்ப அதுக்கு பதிலா பிவட்-லாங்கர், பிவட்-வைடர் வந்துருச்சு, ஆனா பழசும் இன்னைக்கும் ஜம்முனு ஓடும். எதக் கார்டுல வைக்கணும்ங்கறத ஸ்கிரிப்ட் எப்படிச் சொல்லும்? அதே மாதிரி, ஒரு ஃபங்ஷனோட விடைய அடுத்ததுக்குத் தள்ளி விடற பைப் குறியா 2021ல ஆர் 4.1.0ல |> வந்தவுடனே ஒருத்தர் கார்டுல இருந்த பழைய பைப் %>% எல்லாத்தையும் ஒரே அமுக்குல மாத்திட்டாரு. அந்த விடை எங்க உக்காரணும்னு நடுவுல புள்ளி வச்சு எழுதின வரியெல்லாம் படுத்துருச்சு, புதுசுக்கு அந்தப் புள்ளி புரியாது, அடுத்த வருஷம் 4.2.0லதான் அதுக்கு பதிலா அடிக்கோடு வந்துச்சு, அதுவும் ஆர்குமெண்ட் பேரோட எழுதினாத்தான். இது ஸ்கிரிப்ட்ல மாட்டிக்கிச்சு. வயசு விவகாரம் மாட்டியிருக்குமா? மாட்டாது, அது எரரே இல்லையே.

"இடம் என்ன காசா, இருந்துட்டுப் போகட்டுமே"ம்பாங்க. நல்ல மனசு. ஆனா முழுசா வேணும்னா ஆர்லயே கேள்விக்குறி போட்டு ஃபங்ஷன் பேர அடிச்சா மொத்த ஜாதகமும் வருமே. கார்டு தேடறதுக்கு இல்ல, கண்ணுல படறதுக்கு. டிஎல்டிஆர்னு ஒரு கூட்டுத் திட்டம், டெர்மினல்ல டைப் அடிக்கற கமாண்டுக்கெல்லாம் சின்னக் குறிப்பு, தமிழ்ல கூட கொஞ்சம் பக்கம் இருக்கு. அங்க ஒரு கமாண்டுக்கு எட்டு உதாரணத்துக்கு மேல கூடாதுன்னு விதி. நாலாயிரம் உதாரணம் எழுதத் தெரிஞ்சவங்க எழுதின விதி அது. இப்ப சாட்பாட்டக் கேட்டா போதாதான்னும் கேப்பாங்க, நானும் கேக்கறேன், கேட்டா கேதர் ஒரு நாள் பிவட்-லாங்கர் ஒரு நாள்னு வருது, அதோட எனக்குக் கேக்கத் தெரிஞ்சதத்தானே கேப்பேன், பக்கத்து வரி கண்ணுல படாதுல்ல.

எனக்கு உள்ளபடி வருத்தம் வேற ஒண்ணுல. கிட்ல யாரு எவ்வளவு சேத்தாங்கன்னு பச்சையா தெரியும், எல்லாரும் கைதட்டுவாங்க. அக்கா பேருக்கு நேரா, எடுத்ததக் காட்டற சிவப்புதான் நெறைய. வருஷ மதிப்பீட்டுல "இந்த வருஷம் நீங்க டாக்குமெண்டேஷன்ல என்ன பண்ணீங்க"ன்னு கேட்டப்ப "27 பக்கம் எடுத்தேன்"னு சொல்லியிருக்காங்க, எதிர்ல இருந்தவருக்கு என்ன எழுதறதுன்னே தெரியலயாம்.

தம்பிகிட்ட பதினோரு வரிக்கு பதினோரு வரி எடுத்துட்டு வான்னேன். சாயங்காலம் வந்தான், பதினொண்ணுல எட்ட அவனே அடிச்சிருந்தான், மிச்சம் மூணு. அதுக்கு பதிலா எடுக்கச் சொன்னதுல ரெண்டு சரி. மூணாவது நான் 2021ல எழுதின அட்டாச் வரி, டேபிள் பேரச் சொல்லாமயே காலம் பேர மட்டும் அடிக்க விடற ஃபங்ஷன். அது ஆபத்தான ஃபங்ஷன்தான், ஒத்துக்கறேன், ஆனா எத்தன நாள் எனக்கு டைப் அடிக்கறத மிச்சம் பண்ணியிருக்கு. "அது இருக்கட்டும்டா"ன்னேன். அக்கா மானிட்டர்லேர்ந்து தலைய எடுக்காமயே "எந்த வரிய எடுக்கணும்னு நீயே சொல்லு அப்ப"ன்னாங்க. நேத்து ராத்திரிலேர்ந்து நாலு பக்கத்தயும் விரிச்சு வச்சு பாத்துட்டு இருக்கேன்.